கோட்டையும் குசினியும்: மட்டக்களப்பு வாவிப் பிரதேசத்திற் படைச்சேவையும் கிறிஸ்தவ சமயப் பிரிவுகளும்

படையிற் சேரும் ஒருவனின் சமயத்தைத் தீர்மானிப்பது எது என்னும் வினாவுக்கு நம்மிடையே இரண்டு விடைகள் வழங்குகின்றன. திருச்சபை வரலாற்றாசிரியர் அதனைக் குருமாரின் உழைப்பாகவும் விசுவாசத்தின் வலிமையாகவும் காண்பர். பொருள்முதல்வாதத்தைச் சுருக்கப் பாடமாகக் கற்றோர், துப்பாக்கி எவன் கையில் உள்ளதோ அவன் சமயமே வெல்லும் என்று கூறி அமைவர். மட்டக்களப்பு வாவிப் பிரதேசத்தின் நான்கு நூற்றாண்டு வரலாற்றை நுணுகி நோக்கின் இவ்விரண்டும் போதா என்பது புலனாகும். போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், ஆங்கிலேயர் என மூன்று ஐரோப்பிய அரசுகளின் படைகள் இங்கே மாறி மாறித் தங்கின. ஒவ்வொன்றும் தனக்குரிய திருச்சபையுடன் வந்தது. எனினும் படை சென்ற வழியே சமயப்பிரிவு சென்றதென்று கூற இயலாதபடி நிகழ்ச்சிகள் அமைந்துள்ளன. இதற்கான காரணத்தைக் கோட்டைக்குள் மட்டும் தேடினால் அது அகப்படாது என்பதே நமது கருத்து.

புளியந்தீவிற் கோட்டை எழுந்த காலத்திலிருந்து தொடங்குவோம். 1628ஆம் ஆண்டளவில் அதனைக் கட்டியவன் போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தந்தீனு த சா. கண்டி அரசின் கீழைக் கடல்வாயிலை அடைப்பதே அவனது நோக்கம். போர்த்துக்கேயர் படையில் ஐரோப்பியர் சிறுதொகையினரே. பெரும்பகுதி லஸ்கரின்கள் எனப்பட்ட உள்ளூர்ப் போர்வீரராவர். இவர்கள் காணி அனுபவிக்கும் உரிமைக்கு ஈடாகப் படைச்சேவை செய்தவர்கள். இவர்களின் தலைவர்களிற் பலர் ஞானஸ்நானம் பெற்று, ‘டொம்’ என்னும் பட்டத்துடன் புதிய பெயர் பூண்டவர்கள். ஞானஸ்நானம் ஈண்டு விசுவாசப் பிரமாணம் மட்டுமன்று. நிலவுடைமைக்கும் பதவிக்கும் உரிய முத்திரையுமாகும். முத்திரை எத்துணை உறுதியானது என்பதை 1630ஆம் ஆண்டே காட்டிவிட்டது. த சா ஊவாவின் மீது படையெடுத்துச் சென்றபோது, அவனால் நம்பப்பட்ட கிறிஸ்தவ முதலியார்கள் நால்வர் தம் லஸ்கரின்களுடன் கண்டிப் பக்கம் சேர்ந்தனர். தளபதி களத்தில் மாண்டான். கிறிஸ்தவராயிருந்தும் துரோகம் செய்தனர் என்று போர்த்துக்கேய எழுத்தாளர் வெகுண்டெழுதினர். காணிக்காகப் பெறப்பட்ட சமயம் காணியைக் காக்க வேறு வழி தோன்றியவிடத்துக் கைவிடப்பட்டதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை.

அடுத்து வருவது 1638. அவ்வாண்டு மே மாதம் அதாம் வெஸ்டர்வோல்டின் தலைமையில் வந்த ஒல்லாந்தக் கடற்படையும் இரண்டாம் இராஜசிங்கனின் படையும் சேர்ந்து கோட்டையைக் கைப்பற்றின. சில நாட்களுள், மே 23இல், கோட்டையிலேயே ஓர் ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. இலங்கை வரலாறு படித்தோர் அனைவரும் அறிந்த ஒப்பந்தம் இது. போர்ச்செலவைக் கறுவாவாலும் மிளகு முதலிய விளைபொருள்களாலும் மன்னன் ஈடுசெய்ய வேண்டும் என்பதும், வாணிகத்தில் ஒல்லாந்தருக்கே தனியுரிமை என்பதும் அதன் நடுநாயகமான விதிகள். ஆயினும் நாம் கவனிக்க வேண்டியது வேறொரு விதி. ரோமன் கத்தோலிக்கக் குருமாரையோ துறவியரையோ மன்னன் தன் நாட்டில் இருக்கவிடலாகாது என்றும், கலகங்களுக்கும் அரசுகளின் அழிவுக்கும் அவர்களே காரணர் என்றும் அவ்விதி கூறுகின்றது. கறுவாவும் கத்தோலிக்கமும் ஒரே பத்திரத்தில் இடம்பெற்றமை தற்செயலன்று. ஸ்பானிய முடியாட்சியிலிருந்து விடுபடப் போராடிக்கொண்டிருந்த ஒல்லாந்த வணிக வர்க்கத்திற்குக் கத்தோலிக்கக் குரு என்பவர் எதிரி அரசின் முகவர். ஐரோப்பாவில் நிகழ்ந்த ஒரு வர்க்கப்போரின் மொழி, அவ்வாறு ஒரு சமயப்பிரிவின் பெயரால், மட்டக்களப்பு வாவியின் தீவொன்றில் எழுதப்பட்டது. கைச்சாத்திட்ட மன்னனோ பௌத்தன். புரட்டஸ்தாந்து, கத்தோலிக்கம் என்ற வேறுபாட்டில் அவனுக்கு இருந்த ஈடுபாடு அரசியல் ஈடுபாடே. பிற்காலத்தில் ஒல்லாந்தரோடு பகை முற்றியபோது, அவர்களாற் கடற்கரைகளிலிருந்து விரட்டப்பட்ட கத்தோலிக்கருக்கு அவனது இராச்சியமே புகலிடமாயிற்று.

ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் படைவீரர் எவர்? அவர்களை ஒல்லாந்தர் என்று ஒரே பெயரால் அழைப்பது வசதிக்காகவே. கம்பனி தன் இரு நூற்றாண்டு வாழ்வில் ஆசியாவுக்கு ஏற்றிவிட்டோர் தொகை பத்து இலட்சத்தை அண்மியது. அவர்களுட் பெரும்பாலோர் தாயகம் திரும்பவில்லை. பதினெட்டாம் நூற்றாண்டில் படைவீரரிற் பாதிக்கு மேற்பட்டோர் ஒல்லாந்துக்கு வெளியே, சிறப்பாக ஜேர்மன் நாடுகளில், பிறந்தவர்கள். நிலமிழந்த குடியானவரும் தொழிலிழந்த கைவினைஞருமானோர். லுதரன் பிரிவினர் அவர்களிடையே மிகுதி, கத்தோலிக்கரும் இருந்தனர். கம்பனியோ சீர்திருத்தத் திருச்சபை ஒன்றையே ஏற்றது. பத்தாவியாவிற்கூட லுதரன் பிரிவினர் தமக்கென ஓர் ஆலயம் பெறப் பதினெட்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை காத்திருக்க நேர்ந்தது. இலங்கையில் 1658ஆம் ஆண்டுக் கட்டளையொன்று கத்தோலிக்கக் குருவுக்கு அடைக்கலம் கொடுப்போருக்கு மரண தண்டனை விதித்தது. பதவிக்கும், செல்லுபடியாகும் திருமணத்திற்கும், அதன்வழி முதுசொத்துக்கும் சீர்திருத்தத் திருச்சபையின் பதிவேடே வாயிலாயிற்று. மட்டக்களப்பு 1668இல் மீண்டும் ஒல்லாந்தர் வசமானபோது இந்த ஏற்பாடுகள் அனைத்தும் இங்கும் வந்தன.

1647இல் இங்கிலாந்தின் பட்னியில், குரொம்வெல்லின் படைவீரர் தம் தலைவர்களோடு அமர்ந்து ஆட்சியுரிமை பற்றி வாதிட்டனர். அவர்களின் சமயப்பிரிவு வேறுபாடு அரசியல் வேறுபாடாகவே வெளிப்பட்டது. பிரிவுகள் படைக்குள்ளிருந்தே முளைத்தன. மட்டக்களப்புக் கோட்டையில் அவ்வாறான வாதம் எழுந்ததாக எச்செய்தியும் இல்லை, எழுந்திருக்கவும் முடியாது. அங்கே இருந்தவன் தன் நாட்டின் விதியைத் தீர்மானிக்கப் புறப்பட்ட குடிமகனல்லன். ஐந்து ஆண்டுக்கு ஒப்பந்தம் செய்த கூலிப்படைஞன். அவனுடைய சமயம் அவனது சம்பளப் பட்டியலின் ஓர் அங்கம். சம்பளம் தருபவனின் திருச்சபையில் ஞாயிறுதோறும் அமர்ந்தான்.

இத்துணை அதிகாரமும் சட்டமும் பதிவேடும் கொண்டிருந்த சீர்திருத்தத் திருச்சபை இன்று மட்டக்களப்பில் எங்கே? அது வேரூன்றவில்லை. நிலைத்திருப்பது மரண தண்டனை விதித்துத் தடுக்கப்பட்ட கத்தோலிக்கமே. மட்டக்களப்புப் பறங்கியரிற் பலர் ஒல்லாந்தக் குடும்பப் பெயர் தாங்கியவர்கள். ஆனால் அவர்களின் வீட்டுமொழியாக நீண்டகாலம் வழங்கியது போர்த்துக்கேயக் கிரியோல். அவர்களிற் பெரும்பாலோர் கத்தோலிக்கர். ஒரு பகுதியினர் மெதடிஸ்தர். பெயர் ஒல்லாந்தம், மொழி போர்த்துக்கேயம், சமயம் கத்தோலிக்கம். துப்பாக்கியோடு சமயம் செல்லும் என்போர் இதற்கு விடை கூற வேண்டும்.

விடை பெண்களிடம் இருக்கின்றது. கம்பனி தன் வீரர்க்கு ஒல்லாந்திலிருந்து பெண்களை வருவிக்கவில்லை. அது செலவு மிக்க காரியம். கொழும்பும் யாழ்ப்பாணமும் வீழ்ந்த பின்னர் வான் கூன்ஸ், போர்த்துக்கேய வழிவந்த விதவையரையும் கன்னியரையும் தன் வீரர் மணப்பதை ஊக்குவித்தான். கிறிஸ்தவப் பெண்ணையே மணக்க வேண்டும் என்பது விதி. கிடைத்த கிறிஸ்தவப் பெண்களோ கத்தோலிக்கர். தந்தை காவற்கடமைக்குச் சென்றான், காய்ச்சலில் மாண்டான், அல்லது வேறு துறைமுகத்துக்கு மாற்றப்பட்டான். பிள்ளை தாயின் மொழியிற் பேசிற்று, தாயின் செபமாலையைப் பிடித்து வளர்ந்தது. 1638இல் சரணடைந்த காவற்படையினர் நாகபட்டினத்துக்கு அனுப்பப்பட்டனர். ஆதலால், இன்றைய பறங்கியரை முதற் கோட்டையின் வீரரிலிருந்து நேர்கோட்டில் வருவிப்பது பொருந்தாது. அவர்கள் பெருமளவிற்கு ஒல்லாந்தரின் படைச்சேவையினுள்ளேயே, ஒல்லாந்தரின் விருப்புக்கு மாறாக, உருவான சமூகம் எனலே தகும்.

நமது அன்றாடச் சொற்களே இதற்குச் சான்று. குசினி, அலுமாரி, கதிரை, பாண், துவாய், சப்பாத்து என வீட்டைச் சூழ்ந்த சொற்கள் போர்த்துக்கேயம் தந்தவை. கந்தோர், நொத்தாரிசு என்பன ஒல்லாந்தம் தந்தவை. ஒருவர் வீட்டுக்குள் இருந்தார். மற்றவர் கந்தோரில் இருந்தார். கந்தோர் ஆங்கிலேயர் கைக்கு மாறியதும் ஒல்லாந்தச் சமயம் அதனுடன் போயிற்று. குசினி கைமாறவில்லை. குடும்பம் என்பது உழைப்பாற்றலை மறுபடி தோற்றுவிக்கும் களம் என்பதை ஏங்கெல்ஸைப் பயின்ற நாம் ஏற்கின்றோம். நம்பிக்கையை மறுபடி தோற்றுவிக்கும் களமும் அதுவே என்பதை நமது விமர்சகர்கள் போதிய அளவு வற்புறுத்தியதில்லை.

மட்டக்களப்பின் சமூக அமைப்பும் இதற்கு இசைவாயிருந்தது. இப்பிரதேசத்துத் தமிழரிடையேயும் முஸ்லிம்களிடையேயும் குடி தாய்வழியாக வருவது. மகளுக்கு வீடு கொடுத்து மருமகனை அங்கே அழைத்துக்கொள்வது வழக்கம். டெனிஸ் மக்கில்வ்றே தம் ஆய்வுகளில் இதனை விரிவாகக் காட்டியுள்ளார். ஒல்லாந்தப் பறங்கியரையும் ‘போர்த்துக்கேயக் கம்மியர்’ எனப்பட்டோரையும் ஒப்புநோக்கி அவர் 1982இல் எழுதிய கட்டுரை நம் மாணவர் கட்டாயம் படிக்க வேண்டியது. பறங்கியர் குடிமுறையைக் கொண்டவரல்லர். எனினும் பெண்வீட்டை அச்சாகக் கொண்டு இயங்கும் ஓர் ஊரில், அந்நியப் படைஞன் ஒருவன் மனைவியின் உலகத்துக்குள் நுழைந்து கரைவது எளிதாயிருந்திருக்கும். தடைக்காலத்தில் இரகசியமாக ஊழியஞ்செய்த கோவைக் குருமார், 1687இல் வந்த யோசேவாஸ் அடிகளார் முதலாக, இவ்வீடுகளையே நம்பி இயங்கினர். அவர்களின் துணிவைக் குறைத்து மதிப்பிட நாம் விரும்பவில்லை. ஒளித்துவைக்க ஒரு வீடு இல்லையேல் துணிந்த குருவும் பிடிபட்டிருப்பார்.

ஆங்கிலேயர் காலத்தை விரைந்து கடக்கலாம். கோட்டை 1795இல் அவர்கள் கைக்கு வந்தது. கத்தோலிக்கர் மீதான தடைகள் 1806இல் நீக்கப்பட்டன. ஆங்கிலேயப் படையிலும் சமயம் ஒன்றன்று. 1830ஆம் ஆண்டளவில் அதன் சாதாரண வீரரில் நூற்றுக்கு நாற்பதுக்கு மேற்பட்டோர் ஐரிஷ்காரர். அவருட் பெரும்பாலோர் கத்தோலிக்கர். வறுமை அவர்களைப் புரட்டஸ்தாந்து மன்னனின் சீருடைக்குள் தள்ளியிருந்தது. 1814இல் மட்டக்களப்புக்கு வந்த மெதடிஸ்த ஊழியர் வில்லியம் ஓல்ட், ஓராண்டு நிறையுமுன் இறந்தபோதிலும், அவர் தொடக்கிய பள்ளிக்கூட முயற்சி மெதடிஸ்த மத்திய கல்லூரியாக நிலைத்தது. 1895இல் பிரெஞ்சு இயேசு சபையினர் வந்தனர். புனித மிக்கேல் கல்லூரி அவர்கள் பொறுப்பில் வளர்ந்தது. இதன்பின் சமயப்பிரிவின் களம் கோட்டையிலிருந்து பாடசாலைக்கு மாறிற்று. போர் உருவகமாக எஞ்சியது. இயேசு சபையை நிறுவிய இஞ்ஞாசியார், 1521இல் பம்பலோனாவிற் காயமுற்ற போர்வீரர். கத்தோலிக்கர் போற்றும் சந்தியாகுமையோர் குதிரைமேல் வாளேந்தியவர். செபஸ்தியார் உரோமைப் படையினர். மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் நாட்டுக்கூத்தாக ஆடப்படும் எஸ்தாக்கியாரும் தளபதியே. மெதடிஸ்தருக்குப் புனிதர் இல்லை. ஆகவே அவர்களிடத்தே ஒவ்வொரு விசுவாசியும் போர்ச்சேவகனானான். கத்தோலிக்கர் படைவீரனைப் பீடத்தில் வைத்தனர், மெதடிஸ்தர் பாட்டில் வைத்தனர் என்று சுருக்கமாகக் கூறலாம்.

சுதந்திர இலங்கையின் படை அதிகாரிகளிற் கிறிஸ்தவர் தம் தொகைக்கு மிஞ்சிய இடம் பெற்றிருந்தனர். அது மிசன் பாடசாலையின் ஆங்கிலக் கல்வி தந்த இடம். 1962ஆம் ஆண்டு ஆட்சிக்கவிழ்ப்பு முயற்சியில் ஈடுபட்ட அதிகாரிகள் கிறிஸ்தவரே என்பதைக் காரணங்காட்டி, படை பின்னர் சிங்கள பௌத்தமயமாக்கப்பட்டது. தமிழ்க் கிறிஸ்தவனுக்கு அரசின் படைவாயில் அடைபட்டது. அடுத்த தலைமுறை ஆயுதம் ஏந்தியபோது அது அரசுக்கு எதிரான ஆயுதமாயிற்று. 1983 செப்டெம்பர் 23இல் மட்டக்களப்புச் சிறை உடைக்கப்பட்டது. வெலிக்கடைப் படுகொலையில் உயிர் தப்பி அங்கே மாற்றப்பட்ட அரசியற் கைதிகளிடையே, இயக்க இளைஞருக்கு உதவினர் என்று குற்றஞ்சாட்டப்பட்ட கத்தோலிக்கக் குருமாரும் புரட்டஸ்தாந்துப் போதகரும் இருந்தனர். 1638இல் ஒப்பந்தம் எழுதிப் பிரித்துவைக்கப்பட்டோர், பயங்கரவாதத் தடைச்சட்டத்தின்கீழ் ஒரே கூரையின்கீழ் வந்து சேர்ந்தனர்.

இயக்கங்களிற் சேர்ந்தோரிடையே சமயப்பிரிவு எவ்வாறு செயற்பட்டது? இங்கு வாவியைத்தான் முதலில் நோக்க வேண்டும். வாவிக்குக் கிழக்கே எழுவான்கரை. நகரம், கந்தோர், கல்லூரி, மீன்பிடி, பறங்கியர் வாழும் தெருக்கள். மேற்கே படுவான்கரை, வயல், மேய்ச்சல் நிலம், கூலி விவசாயம். 2012ஆம் ஆண்டுக் குடித்தொகைக் கணக்கின்படி மாவட்டத்திற் கிறிஸ்தவர் நூற்றுக்கு ஏறத்தாழ ஒன்பது பேர். அவர்களின் பழைய சபைகள் எழுவான்கரையிலேயே திரண்டுள்ளன. படுவான்கரையில் ஆயித்தியமலைத் திருத்தலம் போன்றவை விதிவிலக்கு. போர்க்காலத்திற் படுவான்கரையின் பெரும்பகுதி நெடுநாள் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்தது. தாமாகச் சேர்ந்தோரும், பின்னர், சிறப்பாக 2001க்குப் பிற்பட்ட ஆண்டுகளில், வீட்டுக்கொருவர் என்று பிடித்துச் செல்லப்பட்ட சிறுவரும் பெருந்தொகையில் அங்கிருந்தே சென்றனர். கொழும்பிலோ அவுஸ்திரேலியாவிலோ உறவினர் உள்ள நகரத்துக் குடும்பம் பிள்ளையை அனுப்பிவிட வழி இருந்தது. படுவான்கரைக் கூலிக் குடும்பத்துக்கு அவ்வழி இல்லை. கிறிஸ்தவ இளைஞர் போராடச் செல்லவில்லை என்று இதனால் நாம் கூறவில்லை; எல்லா இயக்கங்களிலும் அவர்கள் இருந்தனர், இறந்தனர். கத்தோலிக்கனா மெதடிஸ்தனா என்பதைக் காட்டிலும் எந்தக் கரை என்பதே ஒருவனின் விதியைக் கூடுதலாகத் தீர்மானித்தது என்பதே நாம் கூற விழைவது. 2004 மார்ச்சில் புலிகள் இரண்டாகப் பிளந்தபோது வெருகலில் ஒருவரையொருவர் சுட்டுக்கொண்ட பிள்ளைகளுக்கு இடையே சமய வேறுபாடு எதுவும் இருந்ததில்லை.

அக்காலத்திற் குருமாருக்கு இருந்த தனித்தன்மை வேறு வகையானது. அவர்கள் ஆயுதம் ஏந்தியோர்க்கும் ஏந்தாதோர்க்கும் இடையே நின்றனர். பிரஜைகள் குழுத் தலைவரான சந்திரா பெர்னாண்டோ அடிகளார் 1988 ஜூன் 6இற் சுட்டுக் கொல்லப்பட்டார். அமெரிக்க இயேசு சபையினரான இயுஜின் ஹேபேர்ட் அடிகளார் 1990 ஆகஸ்ட் 15இற் காணாமற் போனார். கோட்டைக்குள் வீரருக்குப் பூசை செய்த குருமாரின் வழித்தோன்றல்கள், மூன்றரை நூற்றாண்டின் பின், எக்கோட்டைக்கும் உரியரல்லர் என்பதாலேயே கொல்லப்பட்டனர்.

இறந்தோர் விடயத்தில் ஒரு மாற்றம் நிகழ்ந்தது. தரவை, தாண்டியடி, மாவடிமுன்மாரி, கண்டலடி ஆகிய இடங்களில் மாவீரர் துயிலும் இல்லங்கள் அமைந்தன. இந்துக்கள் பெரும்பாலும் தகனஞ்செய்யும் மரபினர். புலிகளோ ஏறத்தாழ 1990 தொடக்கம், இறந்த போராளி எச்சமயத்தவராயினும், மண்ணிற் புதைத்துக் கல் நாட்டினர். கல்லறை வரிசை, பூ, மெழுகுதிரியை ஒத்த சுடர் என்பன கிறிஸ்தவச் சேமக்காலையை நினைவூட்டுவன. ‘துயிலும்’ என்னும் சொல்லும் மரணத்தை நித்திரை எனக் கருதும் கிறிஸ்தவ வழக்குக்கு அண்மையது. அதே வேளை, வித்து என்றும் விதைத்தல் என்றும் கூறும் மொழி வேளாண்மை சார்ந்தது, படுவான்கரைக்கு இயல்பானது, நடுகல் மரபும் உடன் வந்து இணைந்தது. எச்சபையின் பெயரும் கல்லில் இடம்பெறவில்லை. பங்குக் கோயிலின் சேமக்காலையில் தன் மகனை அடக்கஞ் செய்ய விரும்பிய கத்தோலிக்கத் தாய்க்கும், தீமூட்ட விரும்பிய சைவத் தந்தைக்கும் அவ்வுரிமை ஒருங்கே இல்லாமற் போயிற்று. வேறுபாடுகளைக் கடந்த சமத்துவம் என இதனைப் போற்றுவோர், வீட்டின் உரிமையை இயக்கம் எடுத்துக்கொண்டமையையும் காண வேண்டும். வரலாற்றில் முதன்முறையாகக் கோட்டை குசினியை வென்றது இங்கேதான். 2007இற் கிழக்கு அரசபடையிடம் வீழ்ந்த பின் அக்கல்லறைகளும் இடித்துத் தள்ளப்பட்டன.

எஞ்சியோர் நிலை என்ன? போருக்கும் 2004ஆம் ஆண்டுக் கடற்கோளுக்கும் பின்னர் வாவியின் இருகரையிலும் சுயாதீன சபைகள் பெருகின. நாடு முழுவதிலும் கத்தோலிக்கர் ஏனைய கிறிஸ்தவரைவிடப் பன்மடங்கினராயிருக்க, இம்மாவட்டத்தில் ஏனையோரின் பங்கு குறிப்பிடத்தக்க அளவு உயர்ந்து நிற்பதற்கு மெதடிஸ்தத்தின் பழைமையோடு இதுவும் காரணம். இச்சபைகளுக்கு வருவோருள் கணவனை இழந்த பெண்களும் முன்னாட் போராளிகளும் உளர். இலக்கிய மாணவர் இங்கே ஒரு சொல்லை ஊன்றி நோக்குதல் வேண்டும். கத்தோலிக்க வழக்கில் ‘வேதசாட்சி’ என்பவர் விசுவாசத்துக்காக உயிர் துறந்தவர். அவரது சாவே அவரது சாட்சி. சுயாதீன சபையில் ‘சாட்சி’ என்பது உயிரோடிருப்பவர் எழுந்து நின்று கூறும் கதை: முன்னர் இன்னவாறிருந்தேன், இன்னநாளில் மாறினேன் என்பது. முதலாவது சாட்சி பேசாது. அதற்காகப் பிறர் பேசுவர். மாவீரர் உரைகள் அத்தகையன. இரண்டாவது சாட்சிக்கு வாய் உண்டு. ஆனால் அதன் வடிவம் முன்னமே வரையப்பட்டது. கடந்தகாலம் பாவமாகவே கூறப்படல் வேண்டும். பதின்மூன்று வயதிற் பிடித்துச் செல்லப்பட்ட பெண்ணும், இருபது வயதிற் கொள்கைக்காகத் தானே சென்றவளும், இவ்வடிவத்தினுள் ஒரே வகையான மனந்திரும்பிய பாவியாகவே பேச முடியும். யார் அனுப்பினார், ஏன் படுவான்கரையிலிருந்து அத்தனை பேர், வீட்டார் அன்று என்ன செய்தனர் என்ற வினாக்களுக்கு அதில் இடமில்லை. இருந்தும் அவள் பேசுவதற்குக் கிடைத்திருக்கும் மேடை அது ஒன்றாகவே பல இடங்களில் உள்ளது. பழைய சபைகள் இறந்தோருக்குப் பூசை ஒப்புக்கொடுக்கின்றன. இடதுசாரிகளான நாம் போராட்டத்தின் தவறுகளைக் கட்டுரைகளில் ஆராய்கின்றோம். திரும்பி வந்தவளை எழுந்து பேசுமாறு கேட்டவர்கள் சுயாதீன சபையினரே. அச்சபைகளின் சாட்சிக் கூட்டங்களை மேல்நாட்டுப் பண வரவின் விளைவு என்று ஒதுக்கிவிடுவது நம் வட்டாரத்தில் வழக்கமாகிவிட்டது. பணம் வருகின்றது என்பது உண்மை. கூட்டம் முடிந்து அப்பெண் வீடு திரும்பியபின் குசினியில் தன் மகளுக்கு என்ன சொல்கின்றாள் என்பதோ இன்னும் எழுதப்படவில்லை.